டிசம்பர் வாழ்த்து மடல் எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதுவது எப்படி?

கேள்வி (பனித்துளி):
வணக்கம். ஆண்டுக் கடைசியில் எங்கள் அணியில் உள்ள 60 பேருக்கும் வாழ்த்து மடல் அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பல நாடுகளில் இருப்பவர்கள். கிறிஸ்துமஸ், யூதர்களின் ஹனுக்கா, அமெரிக்கக் கறுப்பின மக்களின் குவான்ஸா கொண்டாடுகிறவர்களும் உண்டு, எதையும் கொண்டாடாதவர்களும் உண்டு. 'விடுமுறை வாழ்த்துகள்' என்று தலைப்புப் போட்டு, கிறிஸ்துமஸ் மரம், பனிமனிதன், மெழுகுவத்தித் தண்டு எல்லாவற்றையும் ஒரே படத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். யார் மனமும் கோணக் கூடாது. பரிசுப் பரிமாற்றமும் வைக்கலாமா?

பதில் (அகல்):
முதலில் தலைப்பை மாற்றுங்கள். தமிழில் விடுமுறை என்றால் லீவுதான், பண்டிகை என்ற பொருள் அதில் வராது. அந்த நாட்களில் ஷிப்ட் பார்ப்பவருக்கு அது குத்தலாகத்தான் கேட்கும். 'குளிர்கால வாழ்த்து' என்றும் போடாதீர்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே டிசம்பர் கோடைக்காலம். அங்கே இருப்பவருக்குப் பனிமனிதன் படம் போனால், தன்னை நினைத்து எழுதியதில்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

மடலில் பண்டிகைகளை வரிசையாக அடுக்கவும் வேண்டாம். ஐந்தை எழுதினால் விட்டுப்போன ஆறாவதுதான் கண்ணில் படும். இப்படி எழுதலாம்:

"இந்த ஆண்டு முழுக்க நீங்கள் கொடுத்த உழைப்புக்கு நன்றி. இந்த நாட்களில் பண்டிகை கொண்டாடுகிறவர்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். மற்ற எல்லாருக்கும் நல்ல ஓய்வு அமையட்டும். வேலையில் இருப்பவர்களுக்குத் தனி நன்றி. புத்தாண்டில் சந்திப்போம்."

முதல் வரியில் 'உழைப்பு' என்று பொதுவாக விடாமல், அணி சேர்ந்து முடித்த ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மடலுக்கு உயிர் வருவது அங்கேதான்.

பொதுமடல் பொதுவாக இருக்கிறது என்பதற்காகக் கிறிஸ்துமஸை மறைக்கத் தேவையில்லை. ஒருவர் கொண்டாடுகிறார் என்று தெரிந்தால் அவருக்குத் தனியாக 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்' என்றே அனுப்புங்கள். பெயரை வைத்து மதத்தை ஊகிக்க மட்டும் கூடாது.

பதில் (நாட்காட்டி):
படத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதிகம் பிழை வருவது அங்கேதான். தண்டில் கிளைகளை எண்ணிப் பாருங்கள். ஏழு இருந்தால் அது பழைய யூத ஆலயத்து விளக்குத் தண்டான மெனோரா. ஹனுக்காவுக்கு ஒன்பது வேண்டும்: எட்டு இரவுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்றுவதற்கு 'ஷமாஷ்' என்ற ஒன்று. அது மற்றவற்றின் வரிசையில் இல்லாமல் உயர்ந்தோ தள்ளியோ நிற்கும். குவான்ஸாவுக்கு ஏற்றும் கினாரா என்ற தண்டிலும் ஏழு மெழுகுவத்திதான், ஆனால் நடுவில் கறுப்பு ஒன்று, ஒரு பக்கம் சிவப்பு மூன்று, மறுபக்கம் பச்சை மூன்று. படக்கிடங்குகளில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பெயரிட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் சின்னமே இல்லாத படம் போடுங்கள்.

அடுத்தது தேதி. ஹனுக்கா யூத நாட்காட்டியின் கிஸ்லெவ் மாதம் 25இல் வருவதால் ஆண்டுதோறும் நகரும். 2024இல் டிசம்பர் 25 மாலையில் தொடங்கியது, 2025இல் டிசம்பர் 14 மாலையில். டிசம்பர் 24 அன்று எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பினால், பல ஆண்டுகளில் ஹனுக்கா முடிந்தே போயிருக்கும். பழைய ஜூலியன் நாட்காட்டி பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ சபைகளுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரையுள்ள குவான்ஸா, அமெரிக்காவில் மௌலானா கரேங்கா 1966இல் தொடங்கிய கறுப்பின மக்களின் பண்பாட்டு விழா. அது மதச் சடங்கு இல்லை, கிறிஸ்துமஸுடன் சேர்த்துக் கொண்டாடும் குடும்பங்களும் உண்டு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹனுக்கா 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' இல்லை. சமய முறைப்படி ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் நாள்), பாஸ்கா (எகிப்திலிருந்து விடுதலை பெற்றதன் விழா) ஆகியவைதான் பெரிய நாட்கள். டிசம்பரில் வாழ்த்து அனுப்பிவிட்டு யோம் கிப்பூர் அன்று முக்கியமான கூட்டம் வைத்தால் அந்த வாழ்த்துக்கு மதிப்பில்லை. ஈத் நாளுக்கும் இதே கதிதான். 2030இல் ரமலான் இரண்டு முறை தொடங்கும், ஜனவரித் தொடக்கத்திலும் டிசம்பர்க் கடைசியிலும். அந்த ஆண்டு வருடக் கடைசி மதிய விருந்து வைப்பவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

பதில் (திண்ணை):
பரிசுப் பரிமாற்றம் தாராளமாக வைக்கலாம். 'சேர விரும்புவோர் பெயர் கொடுங்கள்' என்று கேளுங்கள். எல்லாரையும் சேர்த்துவிட்டு 'வேண்டாதவர்கள் சொல்லுங்கள்' என்றால், விலகுபவர் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. இன்னொருவருக்குக் கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் பத்துப் பேர் முன்னால் சொல்ல வைக்கக் கூடாது. கொடுப்பவர் பெயர் சொல்லாமல் பரிசு கொடுக்கும் 'சீக்ரெட் சான்டா' என்பதை 'புத்தாண்டுப் பரிசு' என்று மாற்றி, ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளினாலே பாதிச் சிக்கல் தீரும். தொகைக்கு உச்சவரம்பு வையுங்கள். மது, தோல் பொருள் வேண்டாம். ஜெலட்டின் சேர்ந்த இனிப்பும் வேண்டாம், அது பன்றி அல்லது மாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

பனித்துளி:
மிக்க நன்றி. படத்தை எடுத்துவிட்டேன். எனக்கே யாராவது 'ஹனுக்கா வாழ்த்துகள்' என்று அனுப்பினால்? நான் கொண்டாடுவதில்லை.

அகல்:
'நன்றி, உங்களுக்கும் ஹனுக்கா வாழ்த்துகள்' என்று எழுதுங்கள். 'நான் கொண்டாடுவதில்லை' என்ற விளக்கம் அங்கே தேவையில்லை. அவர் தன் மகிழ்ச்சியில் உங்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார், அவ்வளவுதான்.