டயலில் சிவப்பு வினைல் ஒட்டினால் இரவில் எண்கள் தெரியுமா?

கறுப்புடயல்:
என் கார் மீட்டரில் டயல் கறுப்பு, எண்கள் வெள்ளை, இரவில் பச்சை வெளிச்சம். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஸ்பீடோமீட்டர், ஆர்பிஎம் இரண்டிலும் சிவப்பு வினைல் (ஸ்டிக்கர் ஷீட்) ஒட்டலாம் என்று நினைக்கிறேன், இரவில் எண்களும் சிவப்பாக ஒளிர வேண்டும். எந்த வினைல் வாங்குவது? கிளஸ்டரை, அதாவது மீட்டர்கள் இருக்கும் பெட்டியை, கழற்றத் தெரியும். ஆனால் முள்ளைத் தொடப் பயம், வினைலில் நடுவரை ஒரு கீறல் போட்டு முள்ளுக்கு அடியில் நுழைத்துவிட்டால் போதாதா?

வினைல்வெட்டி:
நீங்கள் கேட்பது இரண்டு வேலை. டயல் என்பது ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு, அதில் கறுப்பு மை அச்சடித்து எண்களையும் கோடுகளையும் மட்டும் வெளிச்சம் வர விட்டிருப்பார்கள். சாதாரண வினைலை மேலே ஒட்டினால் பகலில் பளிச்சென்று சிவப்பு, விளக்கைப் போட்டால் எண்ணே இருக்காது. சரி, ஒளி புகும் வினைல் ஒட்டலாமே என்றால், அதைக் கறுப்பின் மேல் ஒட்டும்போது பகலில் கறுப்பாகத்தான் தெரியும்!

அதனால் பகல் நிறத்துக்கு ஒளி புகாத வினைல், எண்கள் வரும் இடமெல்லாம் வெட்டி எடுத்தது. இரவு நிறத்துக்கு டயலின் பின்பக்கம் தனியாக வேலை செய்ய வேண்டும். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்: பல்பின் மேல் தொப்பியா, எல்இடியே பச்சையா, டயலின் பின்னால் பூசிய மையா? பச்சை வெளிச்சத்தின் முன்னால் சிவப்பு ஃபிலிமை வைத்தால் சிவப்பு வராது, இருட்டுத்தான் வரும். ஃபிலிம் தன் நிறத்தை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும், இல்லாத நிறத்தை எங்கிருந்து கொண்டுவரும்? தொப்பி என்றால் கழற்றிவிடலாம். எல்இடி என்றால் சிவப்பு எல்இடி மாற்ற வேண்டும். மை என்றால் சுரண்டித்தான் ஆக வேண்டும், அது பொறுமை கேட்கும் வேலை, கை தவறினால் கறுப்பு மையும் சேர்ந்து போய் அந்த இடத்தில் வெளிச்சம் ஒழுகும்.

முள்மனிதன்:
கீறல் வேண்டாம் நண்பரே. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு கொதிக்கும், வினைல் கொஞ்சம் சுருங்கினாலும் கீறல் வாய் திறந்து ஓரம் மேலெழும்பி முள்ளில் உரசும். முள்ளைக் கழற்றுவது அவ்வளவு பயங்கரமில்லை. இக்னிஷனைப் போட்டு ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் முள்ளை மறக்க வேண்டாம். பிறகு டயலின் மேல் துணி வைத்து, இரண்டு ஸ்பூன்களை எதிரெதிரே கொடுத்து ஒரே அளவில் நெம்புங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் முள்ளைச் சுழற்றும் குட்டி மோட்டாரின் தண்டு வளையும். திரும்பப் போடும்போது அடிவரை அழுத்தாதீர்கள், முள் டயலைத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளியாவது வேண்டும். கடைசியில் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐநாவின் 39ஆம் விதிமுறைப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம்.

வினைல்வெட்டி:
முள் கழன்றதும் டயலை ஸ்கேனரில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோடு வரைந்து, பிளாட்டரில் (வினைல் வெட்டும் இயந்திரம்) வெட்டுங்கள். 1 மி.மீ.க்கும் மெல்லிய கோடுகளை வினைலில் உரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். காஸ்ட் வினைல், மேட் ஃபினிஷ் வாங்குங்கள். சுமார் 50 மைக்ரான்தான், விலை மலிந்த காலண்டர்டு வகை அளவுக்குச் சுருங்காது.

அமைதிப்பயணி:
எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் ஆயில், ஹேண்ட்பிரேக் எச்சரிக்கை விளக்குகள் எப்படித் தனியாகக் கண்ணில் படும்? அவை சிவப்பாக இருப்பதே எடுத்துக் காட்டத்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை, இரவு வெளிச்சத்தை வெள்ளையாக்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

கறுப்புடயல்:
அதுவும் சரிதான். டயலின் நடுவட்டம் மட்டும் சிவப்பு, எண்களும் கோடுகளும் அப்படியே, பின்னால் வெள்ளை எல்இடி என்று முடிவு செய்திருக்கிறேன். சின்னக் கோடுகளை வெட்டும் வேலையும் மிச்சம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டலாமா?

வினைல்வெட்டி:
டயலைத் தனியாகக் கையில் எடுத்திருந்தால் தெளிக்கலாம், நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கிளஸ்டரில் இருக்கும்போது ஒரு சொட்டுகூட வேண்டாம். ஒட்டும் முன் டயலில் விரல் ரேகை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அப்புறம் துடைக்க முடியாது.