புதுப்பிப்பு: சரிவுக் காட்டில் கல்வரப்பும் வெட்டிவேரும்

சென்னிமலைப் பக்கம் எங்கள் சரிவான செம்மண் காட்டில் மேல்மண் அடித்துப் போகிறது, கல்வரப்பா வெட்டிவேரா என்று ஆடியில் கேட்டிருந்தேன். கார்த்திகை மழையும் ஓய்ந்துவிட்டது, நிலவரத்தைச் சொல்கிறேன்.

இரண்டையும் சேர்த்தே செய்தோம். மூன்று கம்புகளை ‘A’ வடிவச் சட்டமாகக் கட்டி, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டுச் சம உயரக் கோடு பிடித்தோம். கயிறு குறுக்குக் கம்பின் நடுக்குறியில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். இந்த வேலையில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கோடு ஓரிடத்தில் தாழ்ந்தாலும் தண்ணீர் அங்கேயே திரண்டு வரப்பை அறுத்துவிடும்.

அந்தக் கோட்டிலேயே கல் அடுக்கி, அதன் மேல்புறம் அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் வெட்டிவேர் நட்டோம். அதன் வேர் பக்கவாட்டில் அதிகம் படராமல் நேர்கீழே இறங்கும், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூட. அதனால் பக்கத்துக் கடலைக்குத் தொல்லை இல்லை.

பெருமழைக்கு மறுநாள் தூர்களுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் பருமணல், மேலே மாவு போன்ற செம்மண் படிந்திருந்தது. ஓடைக்குப் போயிருக்க வேண்டிய மண்! மனம் நிறைந்துவிட்டது.

அப்போது மண்வரப்பே போதும் என்று பதில் சொன்ன அண்ணனுக்கு: வெறும் மண்வரப்பு இருந்த கீழ்மூலை உடைந்துவிட்டது. அங்கேயும் கல் வைக்கப் போகிறோம்.

மண் மெலிந்த மேல்மேட்டில் இனி உழவே இல்லை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) போலக் கொழுக்கட்டைப் புல் விதைத்து மாடு மேய்க்க எண்ணம். நல்ல விதை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.