அலுவலகத்தில் கட்சி பேட்ஜ்: எப்படிப் பேசுவது? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு தனியார் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் அடையாள அட்டைக் கயிற்றில் கட்சி பேட்ஜைக் குத்திக்கொண்டு வருகிறார். வேலையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் போன வாரம் புகார் கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்ததும், "வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். அந்தத் தயக்கம் இன்னும் மனதை உறுத்துகிறது.

அரசு வேலை என்றால் விதி தெளிவு. இந்தியாவில் 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளின்படி, தேர்தல் சின்னத்தை உடையிலோ வண்டியிலோ வீட்டிலோ காட்டினாலே, தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாக ஆகும். எங்கள் அலுவலகத்தில் இப்படி எழுதிவைத்த விதி எதுவும் இல்லை.

கழற்றச் சொன்னால், "பக்கத்து மேசையில தலைவர் படம் இருக்கே, அதை ஏன் கேட்கல?" என்பார். நியாயமான கேள்விதான். ஒருவரிடம் மட்டும் சொன்னால் நானே ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். அதனால் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடங்களுக்கு மட்டும், எல்லாக் கட்சிக்கும் பொதுவாக விதி வைக்க நினைக்கிறேன். அவருடைய அரசியலில் தலையிட எனக்கு விருப்பமில்லை.

இப்படி விதி எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தொழிற்சங்க பேட்ஜை இதில் சேர்த்தீர்களா? முதலில் அவரிடம் தனியாகப் பேசுவதா, எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்வதா? திங்கட்கிழமை மேலாளரிடம் பேச வேண்டும், அதற்குள் சொன்னால் பேருதவி.