கோதாரின் முப்பரிமாணப் படத்தில் கண் உறுத்தும் காட்சி

கேள்வி:
திரைப்பட இயக்குநர் ழான் லுக் கோதார் தமது 83-ஆம் வயதில், 2014-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டு நடுவர் குழுப் பரிசு பெற்ற 'குட்பை டு லாங்குவேஜ்' படத்தில், ஓரிடத்தில் இரு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து கண்ணை உறுத்துகின்றனவே, அது திரையிடலின் கோளாறா?

மறுமொழி 1:
கோளாறன்று. முப்பரிமாணத்துக்காகக் கண்ணுக்கொன்றாக அருகருகே இருந்த இரு கேமராக்களில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றொன்று பாத்திரத்தைப் பின்தொடர்வதால், ஒவ்வொரு கண்ணுக்கும் வெவ்வேறு காட்சி கிடைக்கிறது. ஒரு கண்ணை மூடி எதைப் பார்ப்பதென்று நாமே தேர்ந்துகொள்ளலாம், பின்தொடர்ந்த கேமரா பழைய நிலைக்குத் திரும்பியதும் இரண்டும் இணைந்துவிடும்.

மறுமொழி 2:
உத்தி வியப்புக்குரியதே, ஆயினும் இசை சட்டென்று அறுபடுவதும் மேற்கோள்கள் அடுக்கடுக்காக வருவதும் அவர் முன்பே கையாண்டவை என்பதால், படத்தின் புதுமை ஒளிப்பதிவில் மட்டுமே உள்ளது என்பேன். (அவருடைய நாய் ராக்ஸி வரும் பகுதிகள் விதிவிலக்கு.)

கேட்டவர்:
இருபரிமாணப் பிரதி போதுமா?

மறுமொழி 1:
போதாது, அதில் கண்ணுக்கொரு காட்சி என்பதற்கே இடமில்லை.