புதிய மீன் தொட்டியில் பால் போன்ற கலங்கல்: தண்ணீரை முழுவதும் மாற்றலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை ஆறு நாள்களுக்கு முன் அமைத்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பி, கழுவிய கூழாங்கற்களைப் பரப்பி, ஸ்பாஞ்ச் பில்டரை ஓடவிட்டு, மறுநாளே நான்கு தங்கமீன்களையும் ஆறு மோலிகளையும் விட்டோம். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்திருந்தது. நான்காம் நாள் முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, கற்களையும் ஸ்பாஞ்சையும் மாநகராட்சிக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி மீண்டும் நிரப்பினேன். இன்று அதைவிட மோசமாகக் கலங்கியிருக்கிறது; பின்பக்கம் ஒட்டிய நீலத்தாள்கூடத் தெரியவில்லை. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மீன் வாங்கிய கடையில் நீல மருந்தை ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா, அல்லது மறுபடியும் முழுத் தண்ணீரையும் மாற்றலாமா? என் மகள் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூட இழக்க மனமில்லை.

முதல் பதில்

இரண்டும் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டி நீரை எடுத்து, இரவு முழுவதும் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் மண்டி படிந்து மேல்நீர் தெளிந்தால் அது கல்லோடு வந்த தூசி. பச்சைச் சாயல் தெரிந்தால் பாசி. இரண்டும் இல்லாமல் வெண்மை அப்படியே நின்றால் அது நீரில் மிதந்தபடி பெருகும் பாக்டீரியா. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும். மிஞ்சிய தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் கரையும் சத்தைத் தின்று இவை மிக வேகமாகப் பல்கும். தண்ணீரை முழுவதும் இறைத்தாலும் தீனி போடுவது தொடர்ந்தால் இரண்டே நாளில் திரும்பி வரும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இவை உயிர்வளியையும் உறிஞ்சும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளியே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதற்கு அது ஒரு காரணம். ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் தீனி போடாதீர்கள், வளர்ந்த மீன் அதைத் தாங்கும். தண்ணீரைத் தொடாமல் விட்டால் ஒரு வாரத்தில் தானே தெளியும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவற்றில் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மீனே இல்லாத தொட்டியாக இருந்தால் தொடாமல் விடலாம். பத்து மீன்கள் இருக்கும் தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் கலங்கலைவிடக் கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான் ஆபத்து.

மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், அதை வேறு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சைக்கிளிங் என்று நாம் சொல்வது இந்த நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகும் காலத்தைத்தான். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கலங்கலை உண்டாக்கும் பாக்டீரியா வேறு, இவை வேறு. இவை நீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. இரட்டிப்பாக ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கின்றன. அதனால் பாதித் தண்ணீரை மாற்றினால் இவற்றுக்கு இழப்பில்லை. ஆனால் குளோரின் கலந்த குழாய் நீரில் ஸ்பாஞ்சைத் தேய்த்தபோது, அதில் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்தவையும் போயிருக்கும். நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் நீலம். அதுவும் இவற்றைக் கெடுக்கும் என்பதால் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) மூன்றையும் அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்றை இன்றே வாங்கி, அளவுகளை இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

டம்ளர் நீர் காலையிலும் வெண்மையாகவே இருந்தது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அம்மோனியா 2, நைட்ரைட் 0; பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி.

இரண்டாம் பதில் எழுதியவர்

பி.எச். 7 ஆக இருந்திருந்தால் இதே அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. 8 என்பதாலும் நீர் சூடாக இருப்பதாலும் உங்கள் தொட்டியில் அது ஏறத்தாழ 7 சதவீதம், அதாவது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. செவுள் எரிவதற்கு அதுவே போதும். ஆகவே இன்றே பாதி நீரை, அதே ஆழ்துளைக் கிணற்று நீரால், வெப்பம் ஒத்திருக்கும்படி பார்த்து மாற்றுங்கள், அம்மோனியா அளவு 0.5க்குக் கீழே வரும்வரை தினமும் செய்யுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதில் ஓடும் ஸ்பாஞ்ச் ஒன்றை அந்தத் தொட்டி நீரிலேயே மூழ்கவைத்து, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் பில்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். வாரக்கணக்கான காத்திருப்பை இது பெரிதும் குறைக்கும். ஏறத்தாழ ஐம்பது லிட்டர் தொட்டிக்கு நான்கு தங்கமீன்கள் மிக அதிகம். முடிந்தால் அவற்றையாவது கொஞ்ச காலத்துக்கு அங்கேயே விட்டுவையுங்கள்.

கேட்டவர்

பன்னிரண்டு நாள்கள் ஆகிவிட்டன. பக்கத்துத் தெருவில் ஒருவர் பழுப்பேறிய பழைய ஸ்பாஞ்சைத் தந்ததோடு தங்கமீன்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் நீலத்தாள் தெரிந்தது. இப்போது கல்லின் கோடுகள்கூடத் தெரிகின்றன. அம்மோனியா 0.25, ஆனால் நைட்ரைட் 1 என்று காட்டுகிறது. மோலிகள் ஆறும் நலம்.

இரண்டாம் பதில் எழுதியவர்

அம்மோனியா நைட்ரைட்டாக மாறும் முதல் படி நடந்துவிட்டது, மகிழ்ச்சி. நைட்ரைட் செவுள் வழியே புகுந்து, இரத்தம் உயிர்வளியைச் சுமப்பதைத் தடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு அது புகுவதைக் குறைக்கும் என்பதால், அயோடின் சேர்க்காத உப்பில் ஒரு தேக்கரண்டியைத் தனியே கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். மோலிக்கு உப்பு ஒத்துக்கொள்ளும். தீனியை ஒருவேளையாகவே வையுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த வாளி நீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் 0 காட்டிய பிறகு தங்கமீனைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசலாம். அதுவும் இரண்டுக்கு மேல் வேண்டாம், அவை வளரும்போது இதைவிடப் பெரிய தொட்டி தேவைப்படும்.