அண்ணன் வைத்த பாக்கியும் அத்தையின் கோபமும்

2018 தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு என் அம்மாவுடன் நடந்தேன். எனக்கென்று வேண்டுதல் எதுவும் இல்லை. அறுபதைக் கடந்தவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் உடன் போனேன். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நகரத்தார் காவடிகள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போகும் பாதை அது என்பார்கள். இப்போது பாதித் தூரம் லாரிகளுக்கு ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

நத்தத்துக்கு முன்னால் ஒரு நீர்மோர்ப் பந்தலில், பாதத்துக் கொப்புளத்தில் ஊசியும் நூலும் கோத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். நூலை உள்ளேயே விட்டு இரு முனைகளையும் கத்தரித்தார். நீர் தானாகக் கசிந்துவிடும், தோல் உரியாது என்றார். அவர் கழுத்தில் மாலையோ நெற்றியில் திருநீறோ இல்லாததைக் கவனித்த அம்மா, "அண்ணே, மாலை போடலையா?" என்று கேட்டார்.

"எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாதும்மா. எங்க அண்ணன் அஞ்சு வருசம் நடக்கிறதா வேண்டியிருந்தாரு. மூணு வருசம் நடந்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்சம் ரெண்டு இருக்குல்ல" என்றார். அது நான்காவது வருடமாம்.

சாமியே இல்லையென்றால் கடன் யாருக்கு என்று நான் கேட்டேன்; கொஞ்சம் கிண்டலாகவே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கோபப்படவில்லை. "அண்ணன் கொடுத்த வாக்கு தம்பி. மளிகைக் கடையில அவரு வச்ச பாக்கியையும் நான்தானே கட்டினேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார்.

கடவுள் உண்டென்று ஒப்புக்கொள்வதுதான் நம்பிக்கை என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு, ஒப்புக்கொள்ளாத ஒருவர் கொப்புளத்தைத் தைத்துக்கொண்டு நடந்த கணக்கு இன்னும் பிடிபடவில்லை. பழனி அடிவாரத்தில் அவரைத் தேடினேன், கூட்டத்தில் அகப்படவில்லை.

*

மேலே இன்னொருவர் எழுதியிருக்கும் பழனிப் பெரியவரைப் பற்றி வாசித்ததும் என் அத்தை நினைவுக்கு வந்தார். ஆனால் எங்கள் திருச்சிப் பக்கத்தில் வேண்டுதல் ஒருவழிக் கடன் அன்று. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை (சமைத்த நைவேத்தியம்) கிடையாது, துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான்.

அத்தைக்கு மூன்று முறை கரு தங்காமல் போனது. மூன்றாவது முறைக்குப் பிறகு, வருடம் தவறாமல் பூத்தட்டு எடுத்துக்கொண்டிருந்தவர், சமயபுரம் பேருந்தில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். பூஜை அறையில் இருந்த அம்மன் படத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்; மாமா நேராக்கி வைப்பார், மறுநாள் அது மறுபடி திரும்பியிருக்கும். இருந்தும் அந்த 28 நாளும் அவர் கஞ்சியும் மோரும் தவிர வேறெதையும் தொட மாட்டார்.

கல்லூரி விடுமுறையில் அங்கே தங்கியிருந்தபோது, கோபம் என்றால் இந்த விரதம் மட்டும் எதற்கு என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அவகிட்ட நான் பேசறதில்ல, அது வேற. அதுக்காக, பட்டினி கெடக்கிறவ முன்னாடி ஒக்காந்து திங்க முடியுமா?"