நூலகர் ஆகப் படிக்கிறவங்க சிறுவர் நூல் வாசிக்கணுமா?

தக்கலை வாசகி:
பள்ளி நூலகர் ஆகணும்னு அஞ்சல் வழியில நூலக அறிவியல் படிக்கிறேன். நூலைப் பொருள்வாரியா எண் போட்டுப் பிரிக்கிற வகைப்பாடு, பட்டியலாக்கம், மேலாண்மைன்னு எல்லாம் இருக்கு. ஆனா ஒரு சிறுவர் நூலை வாசிச்சிட்டு வாங்கன்னு எங்க பாடத்துல ஒரு வரி கிடையாது. நாலாங்கிளாஸ் பிள்ளை வந்து "ஒரு கதப்புக் தாங்க டீச்சர்"னு நின்னா எதை எடுத்துக் கொடுக்க? வாசிப்புக்கே தனித் தாள், அதாவது தனிப் பாடம், வேணும்.

குழித்துறைக்காரன்:
ஒத்துக்க மாட்டேன் தங்கச்சி. கதை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். வகைப்பாடு ஒருத்தர் சொல்லித் தந்து, கையால செஞ்சாத்தான் வரும். நம்ம விளவங்கோடு பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே அலமாரியில குவிஞ்சு கிடக்கும். நூலகங்கள்ல எண் போடுற டியூயி வகைப்பாட்டு முறையில தமிழ் இலக்கியம் 894.811, மலையாளம் 894.812. முதுகுல எண் ஒட்டி அடுக்கிட்டா ரெண்டும் கலக்காது, ஆனா பக்கத்துலயே நிக்கும். ரெண்டும் வாசிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

தக்கலை வாசகி:
அண்ணே, கவிதைக்கு அதோட ஒரு 1 சேர்ப்போம், 894.8111. தேரூர் கவிமணியோட குழந்தைப் பாட்டும் அதுக்குள்ளதான், கம்பராமாயணமும் அதுக்குள்ளதான். மூணாங்கிளாஸுக்கு எதுன்னு எண் சொல்லுமா?

குழித்துறைக்காரன்:
அதுக்குத்தானே சிறுவர் நூல்னா எண்ணுக்கு முன்னால தனிக் குறி போடுறது?

தக்கலை வாசகி:
சரி, அந்தக் குறியை எந்த நூல்ல போடணும்னு யாரு முடிவு பண்ணுவா? அட்டைப்படத்தைப் பார்த்தா? உள்ளே வாசிச்சவங்கதான் போட முடியும்.

நாகர்கோவில் டீச்சர்:
நூலக அறிவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-ல எழுதின நூலகத்துக்கான ஐந்து விதியைத் தேர்வுக்கு எல்லாரும் உருப்போடுறோம். ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூணாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர். நூலையும் தெரியாம பிள்ளையையும் தெரியாம இந்த ரெண்டையும் எப்படி நிறைவேத்துறது? நான் தங்கச்சி பக்கம்.

குழித்துறைக்காரன்:
டீச்சர், ரெண்டு வருஷம் கழிச்சு 1933-ல கோலன்ங்கிற இன்னொரு வகைப்பாட்டு முறையைக் கொடுத்ததும் அதே ரங்கநாதன்தான். விதி எழுதினதோட அவர் நிக்கல. நூல் இருக்கிற இடம் தெரியலைன்னா, வாசிச்ச நூலகரும் கையை விரிக்கத்தான் வேணும். தனித் தாள் வேண்டாம். வகைப்பாட்டுச் செய்முறைக்கே சிறுவர் நூலைக் கொடுக்கட்டும். வாசிக்காம எண் போட விடக்கூடாது.

தக்கலை வாசகி:
செய்முறையில பத்து நூலுக்கு எண் போடுறதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும் அண்ணே, வாசிக்க எங்க நேரம்? தனித் தாள்தான் வேணும்னு இன்னும் சொல்லுதேன். அதுவரைக்கும் நானே வாசிச்சுக்கிறேன். மூணாங்கிளாஸ் முதல் அஞ்சாங்கிளாஸ் வரை பிள்ளைங்க திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குற நூல் எதுன்னு டீச்சர்மாரு இங்கே எழுதுங்க. மலையாளம்னாலும் சரி.